அசிட்டோன்: எரிவது திரவம் இல்லை, ஆவி!

நகப்பூச்சை அழிக்கும் சின்ன பாட்டில். தொழிற்சாலையில் பெயிண்ட், பிசின் கறையைத் துடைக்கும் பெரிய டிரம். பெரும்பாலும் இரண்டிலும் இருப்பது அசிட்டோன்தான்.

ஏன் சட்டெனத் தீப்பிடிக்கிறது?

எரிவது திரவம் இல்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவி. சுமார் மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி வந்துவிடும். சிங்கப்பூர் வெயிலில் கேட்கவே வேண்டாம்!

ஆவி எங்கே போகும்?

அது காற்றைவிட இரண்டு மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு தவழும். டப்பா ஒரு மூலையில் திறந்திருக்கும்; சாமி விளக்கோ அடுப்போ சற்றுத் தள்ளி எரியும். ஆவி அங்கே போய்ச் சேர்ந்தால், தீ அதே வழியில் டப்பாவுக்கே திரும்பி வரலாம். காற்றில் சுமார் 2.5 விழுக்காடு கலந்திருந்தாலே போதும்.

என்ன செய்யலாம்?

- முதலில் ஜன்னலைத் திறங்கள். விளக்கு, ஊதுபத்தி, சிகரெட்டை அணைத்த பிறகே மூடியைத் திறங்கள்.
- தேவையான அளவு ஊற்றியதும் உடனே மூடுங்கள்.
- வேலையிடத்தில், நனைந்த துணியை மூடியுள்ள உலோகத் தொட்டியில் போடுங்கள்.
- மிச்சத்தைச் சிங்கில் ஊற்றாதீர்கள். ஆவி குழாய்க்குள் தங்கும்.
- நிறைய கொட்டிவிட்டதா? ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிறு பொறியே ஆபத்து.

தலை சுற்றினால் உடனே வெளியே வாருங்கள். தீப்பிடித்தால் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள். எரியும் திரவம் பரவக்கூடும். கதவைச் சாத்திவிட்டு வெளியேறி, 995ஐ அழையுங்கள்.