செவிப் பரீட்சைக் காகிதத்தைப் படித்தறியும் முறை

விருத்தாசலம் தாலூகாவில் மங்கலம்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெல், கரும்பு, மணிலாக்கொட்டை பயிரிடும் குடும்பங்கள் பல. இக்குடும்பங்களில் அரிசி ஆலைக்கு வேலைக்குச் செல்வோரும், 1957-ஆம் வருஷத்தில் மண் தோண்டத் தொடங்கிய நெய்வேலிச் சுரங்கத்தை நாடியோரும் உண்டு. யந்திர இரைச்சலில் உழைக்கும் இத்தகையோருக்குச் செவிப் பரீட்சை செய்து ஒரு காகிதம் அளிப்பதுண்டு. “கோளாறு இல்லை” என்னும் ஒரு வரியை மட்டும் கண்டு அதனை மூலையில் போட்டுவிடுவது தவறாகும்.

பரீட்சை செய்பவர் 500 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையுள்ள சுருதிகளை ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்து, காதுக்கு எட்டும் மிகச் சிறிய ஒலியை டெசிபல் கணக்கில் குறிப்பார். வலக் காதுக்குச் சிவப்பு வட்டமும், இடக் காதுக்கு நீலப் பெருக்கற்குறியும் இடுவது வழக்கம். எண் பெருகினால் கேள்வி குறைவென்று பொருள். 25 டெசிபலுக்கு உட்பட்டிருப்பின் பொதுவாகக் குறையில்லை என்பர்.

இரைச்சல் முதலில் கெடுப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த சுருதிகளையே. ஒருவருக்கு 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் முறையே 15, 15, 20 டெசிபலும், 4000-இல் 50-உம், 8000-இல் 30-உம் இருப்பதாகக் கொள்வோம். முதல் மூன்றின் சராசரி 17-க்குள் அடங்குமாதலால் கோளாறு இல்லை என்று தோன்றும். ஆயினும் 4000-இல் விழுந்துள்ள பள்ளம் இரைச்சலால் நேரும் கேட்டின் அறிகுறியாகும். உட்செவியில் அழிந்த நுண்மயிர் உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை.

எருவிட்ட மறுநாள் எடுத்த மண் மாதிரி நிலத்தின் உண்மையான சத்தைக் காட்டாது. அதுபோலவே, வேலை முடிந்தவுடன் செய்த பரீட்சையும் காதின் மெய்யான நிலையைக் காட்டாது. அப்போது காது தற்காலிகமாக மந்தித்திருக்கும். ஆதலின் பரீட்சைக்கு முன் 14 மணி நேரமேனும் பேரிரைச்சலினின்று விலகியிருத்தல் வேண்டும். டிராக்டர் ஓட்டுவதும், கதிரடிக்கும் யந்திரத்தினருகே நிற்பதும் இவ்விலக்கில் அடங்கும். குறும்பி அடைத்திருந்தாலும், சளி பிடித்திருந்தாலும், அறைக்குள் வெளியோசை புகுந்தாலும் கணக்கு பிசகும். கருவியின் அளவை வருஷந்தோறும் சரிபார்த்திருக்க வேண்டும். இவை யாவும் செவ்வனே அமைந்தாலும், இரு பரீட்சைகளுக்கிடையே 5 டெசிபல் வேற்றுமை இயல்பேயாகும். 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ்களின் சராசரி முந்தியதைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடியிருப்பின் மறுபரீட்சை கோருதல் அவசியம்.

ஆகவே ஒரே காகிதத்தைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. வேலைக்குச் சேர்ந்தபோது செய்த முதற் பரீட்சையின் நகலைப் பட்டாவைப் போல் பத்திரப்படுத்தி, பின்வருவன யாவற்றையும் அதனோடு ஒப்பிட வேண்டும். இரைச்சலால் நேரும் செவிக்குறைவு 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 2020-ஆம் வருஷத்துத் தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அவ்வாறே இடம்பெற்றுள்ளது. நஷ்டஈடு கோருவோருக்கு உதவும் கிராம உத்தியோகஸ்தர்கள் முதற் காகிதம், கடைசிக் காகிதம், வேலை செய்த வருஷங்கள் ஆகிய மூன்றையும் கேட்டறிந்து விண்ணப்பத்தோடு இணைக்கச் செய்தால் பெரும் பயன் விளையும்.

தம் நிலத்தில் யந்திரம் ஓட்டும் மிராசுதாரர்களும் ஆட்களுக்குத் தக்க காதுமூடிகளை வாங்கித் தருதல் நலம். சாதாரணப் பஞ்சை அடைத்துக்கொள்வதால் போதிய காப்பு உண்டாகாது.