வச்சிரம் தானாக விடும்

பரணிலிருந்து இறக்கிய மரக் கேமராவைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறவர்கள் முதலில் லென்ஸைத்தான் காட்டுவார்கள். என் கண் மூலைகளுக்குப் போகும். எங்கள் தென்காசிப் பக்கம் கிடைப்பதில் வாகீஸ்வரிதான் எனக்குப் பிடித்தது. ஆரியங்காவு தாண்டி, ஆலப்புழையில் கே. கருணாகரன் 1940-களில் செய்யத் தொடங்கிய கேமரா, தேக்கும் பித்தளையும்.

ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலுக்கு மரம் உப்பும். பங்குனி வெயிலுக்குச் சுருங்கும். இந்த இழுபறியில் சட்டத்தின் ஒரு மூலை விட்டுவிடும், மற்ற மூன்றும் பிடித்துக்கொண்டிருக்கும். சட்டம் கோணினால் வெளிச்சம் உள்ளே புகும். ஒழுங்காகச் சேர்க்க நான்கையும் பிரித்தாக வேண்டும்.

பிரிக்கும் முன் எந்தப் பசை என்று தெரிய வேண்டும். ஃபெவிகால் வந்தது 1959-இல். அதற்கு முந்தைய மரவேலையில் பெரும்பாலும் வச்சிரம்தான். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. காய்ந்தால் கல், வெந்நீர் பட்டால் பழையபடி கூழ். இடுக்கில் பிதுங்கி நிற்கும் பசைமேல் ஒரு சொட்டு வெந்நீர் விட்டுப் பாருங்கள். விரலில் பிசுபிசுத்தால் வச்சிரம். வெள்ளையாகப் பூத்தால் பிற்பாடு யாரோ ஃபெவிகால் போட்டிருக்கிறார்கள், வேலை இரட்டிப்பு.

முதலில் துருத்தியையும் பித்தளைத் தகடுகளையும் கழற்றிவிடுவேன். மூலையில் பொடி ஆணி ஒளிந்திருக்கிறதா என்று காந்தத்தால் தடவுவேன். இரும்பாணி இருந்தால் காட்டிக்கொடுக்கும். பிறகு சிரிஞ்சால் வெந்நீரை இடுக்கில் விட்டு, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டுவேன். எனக்குத் தொழில் சொல்லித்தந்த ஆசாரி, கொட்டாப்புளியை எடுத்தாலே கையைப் பிடிப்பார்: "பொறுங்க அண்ணாச்சி, அது தானா விடும்." விட்டபின் கட்டை வைத்து லேசாகத் தட்டினால் போதும். நெம்பினால் பசைக்கு முன், மூலையில் ஒன்றோடொன்று கோத்திருக்கும் தேக்கின் பல் உடையும்.

ஸ்பிரிட் விடுவது இன்னொரு வழி. பசையின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். பசை நொறுங்கும் பதத்துக்கு வரும். ஆனால் வெளியே பூசிய அரக்குப் பாலிஷையும் ஸ்பிரிட் கரைக்கும். அதனால் உள்பக்கம் மட்டும்தான், அதுவும் துளித்துளியாக.

பிரித்த பல்லை வெந்நீர்த் தூரிகையால் கழுவி, நிழலில் உலர்த்துவேன். திரும்ப ஒட்டுவதும் வச்சிரத்தால்தான். பழைய வச்சிரம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் புதியது அதோடு கலந்துகொள்ளும். ஃபெவிகாலுக்கு அந்தக் குணம் கிடையாது. வச்சிர டப்பாவை வெந்நீர்ச் சட்டியில் வைத்துச் சூடாக்கினால் போதும். கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருந்தால், ஆடும் மூலையில் தயவுசெய்து எந்தப் பசையையும் விடாதீர்கள். பருத்தி நாடாவால் சுற்றிக் கட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.