மின்நிலையத்தில் தீ போகும் வழி

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டென்னசி ஆற்றங்கரையில் இருக்கிறது பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். 1975 மார்ச் 22 நண்பகலில் அங்கே இரண்டு ஊழியர்கள் சுவரில் காற்று கசிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த கருவி, ஒரு மெழுகுவத்தி.

சிரிப்பு வரலாம். ஆனால் அதிலும் ஒரு கணக்கு இருந்தது. உலைக் கட்டடத்துக்குள் காற்றழுத்தத்தை எப்போதும் சற்றுக் குறைவாகவே வைத்திருப்பார்கள். எங்கே ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, உள்ளே இருப்பது வெளியே வராது. கட்டுப்பாட்டு அறைக்குக் கீழே ஆயிரக்கணக்கான கேபிள்கள் ஒன்றுகூடி, அங்கிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு உலைப் பக்கம் போகின்றன. துளையில் இடைவெளி இருந்தால் சுடர் அந்தப் பக்கம் சாயும். சாய்ந்த இடத்தில் ஃபோமைத் திணித்து அடைப்பார்கள்.

அன்று அடைத்த ஃபோம் துண்டுகளுக்கு அருகில் மறுபடி சுடரைக் காட்டியபோது, காற்று சுடரையும் சேர்த்து உள்ளே இழுத்தது. ஃபோம் பற்றிக்கொண்டது. டார்ச் லைட்டால் அடித்தார்கள், கந்தல் துணியைத் திணித்தார்கள், தீயணைப்பான்களைப் பீய்ச்சினார்கள். அதற்குள் தீ சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கால் மணி நேரம் கழித்துத்தான் தகவல் மேலே போனது. இதே வேலையில் முன்பும் சிறு தீ பற்றியதுண்டு. கையோடு அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருந்தார்கள். அந்தத் தைரியம்தான் உண்மையான ஆபத்து.

முழு வீச்சில் ஓடிக்கொண்டிருந்த 2 உலைகளின் கட்டுப்பாட்டுப் பலகைகளில் விளக்குகள் தாமாகப் பளிச்சிட்டன, மங்கின, அணைந்தன. பலகைக்கு அடியிலிருந்து புகை வந்தது. 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் கருகியதில், முதல் உலையின் அவசரக் குளிர்விப்பு ஏற்பாடுகள் மொத்தமாகச் செயலிழந்தன. வேறு வேலைக்கென்று வைத்திருந்த பம்புகளைக் கொண்டுதான் உலையைக் குளிர வைத்தார்கள். தண்ணீர் அடிக்கலாம் என்று உள்ளூர்த் தீயணைப்புத் தலைவர் பிற்பகலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். மின்சாரம் தாக்கும் என்று நிர்வாகம் தயங்கியது. மாலையில் ஒருவழியாகச் சம்மதித்த பிறகு, நிமிடக் கணக்கில் தீ அடங்கியது. மொத்தம் 7 மணி நேரம் எரிந்த தீ அது. உலைகள் மறுபடி ஓட ஒன்றரை ஆண்டு ஆனது.

இந்த விபத்தில் பாடமே ஒரு துளையில் இருக்கிறது. ஒரு பம்பு பழுதானால் இன்னொன்று ஓடட்டும் என்றுதான் மாற்று ஏற்பாடு செய்கிறார்கள். அந்த இரண்டின் கேபிள்களும் ஒரே வழியில் போனால், மாற்று என்பது காகிதத்தில் மட்டும்தான். 1980இல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு விதியே போட்டது. இரண்டு வரிசைக் கேபிள்களுக்கும் நடுவில் 3 மணி நேரம் தீயைத் தாங்கும் தடுப்பு வேண்டும். அது இல்லாவிட்டால், தீயைக் கண்டறியும் கருவியும் தானாக அணைக்கும் ஏற்பாடும் இருக்க, இரண்டுக்கும் குறைந்தது 20 அடி இடைவெளி வேண்டும்.

இதெல்லாம் ஊரறிந்த விஷயமான பிறகும், 1993 மார்ச் 31 அதிகாலையில் உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் கிட்டத்தட்ட அதே கதை நடந்தது. கல்பாக்கம் உலைகளின் குடும்பத்தைச் சேர்ந்த 220 மெகாவாட் உலை அது. டர்பைனின் 2 பிளேடுகள் முறிந்து, சுழலும் தண்டு கண்டபடி அதிர்ந்தது. பெரிய ஜெனரேட்டர்களுக்குள் காற்றுக்குப் பதில் ஹைட்ரஜனை நிரப்பி வைப்பது வழக்கம். லேசான வாயு என்பதால் சுழற்சிக்கு உராய்வு குறைவு. வெப்பத்தையும் வேகமாக வாங்கிக்கொள்ளும். தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெய் சீல் அதை அடைத்து நிற்கும். அந்த அதிர்வில் சீல் உடைந்து ஹைட்ரஜன் கசிந்து பற்றியது. எண்ணெயும் சேர்ந்துகொள்ள, தீ கேபிள்களைப் பிடித்துக்கொண்டு ஓடியது.

ஊழியர்கள் ஒரு நிமிடத்துக்குள் உலையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் வழக்கமான மின்சாரத்துக்கும் அவசர மின்சாரத்துக்குமான கேபிள்கள் தீத்தடுப்பு இல்லாமல் ஒரே பாதையில் கிடந்ததால் இரண்டுமே போயின. கட்டுப்பாட்டு அறையில் புகை மண்டியதால் ஆட்கள் வெளியேற வேண்டியதாயிற்று. நிலையம் 17 மணி நேரம் இருளில் கிடந்தது. உலை மறுபடி உயிர் பெற்றுவிடக் கூடாதே என்று சில ஊழியர்கள் டார்ச் வெளிச்சத்தில் கட்டடத்தின் மேலே ஏறி, போரான் கரைசல் இறங்கும் வால்வுகளைக் கையால் திறந்தார்கள். தீயணைப்புக்கென்று இருந்த டீசல் பம்புகள் குளிர்விப்புக்குத் தண்ணீர் தந்தன. உயிர்ச்சேதமும் இல்லை, கதிர்வீச்சும் வெளியேறவில்லை. அதில் இயந்திரங்களைவிட அந்த ஆட்களுக்கே பங்கு அதிகம்.

இதன் பிறகு நம் அணுமின் நிலையங்களில் கேபிள்களைப் பிரித்துப் போட்டு, நடுவே தீத்தடுப்புகள் வைக்கும் வேலை நடந்தது. ஆனால் கேபிள் துளை அணு உலைக்கு மட்டும் உரியதல்ல. ஊர்த் துணை மின்நிலையத்தின் கேபிள் டிரெஞ்சிலும் அனல்மின் நிலையத்தின் சுவரிலும் அது இருக்கிறது. புதிதாக ஒரு கேபிள் இழுக்க வருபவர்கள் பழைய அடைப்பை உடைப்பார்கள். கேபிள் மறுமுனையில் இணைந்து மின்சாரம் வந்ததும் வேலை முடிந்தது என்று கையெழுத்தாகிவிடும். உடைத்த துளையை மறுபடி அடைத்தார்களா என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு வரி இருக்கிறதா என்பதைத்தான் தீப்பாதுகாப்புத் தணிக்கைக்கு வருபவர் முதலில் பார்க்க வேண்டும்.