இந்தியாவில் முதுநிலைச் சீனவியல் படிப்பு

முதுநிலைச் சீனவியல் படிப்பு என்பது சீன மொழியையும், அம்மொழி வழியாகச் சீனாவின் வரலாறு, இலக்கியம், சமூகம், அரசியல் ஆகியவற்றையும் முதுகலை நிலையில் கற்பதாகும். சீன மொழியில் பேசப் பயிற்றும் குறுகிய காலப் படிப்புகளிலிருந்து இது வேறுபட்டது. மொழிபெயர்ப்பின் துணையின்றிச் சீன மூலங்களைப் படித்து, அவற்றின் நம்பகத்தன்மையை ஆராயும் திறனே இப்படிப்பின் நோக்கமாகும். தென்னிந்திய வரலாற்றுக்கான முக்கியச் சான்றுகள் பல சீன மொழியில் இருப்பதால், தமிழ் மாணவர்களுக்கு இப்படிப்பு தனிப் பொருத்தம் உடையது.

வரலாறு

இந்தியாவில் சீனவியலுக்கு நிலையான இடம் அமைத்தவர் இரவீந்திரநாத் தாகூர். 1924இல் சீனா சென்று வந்த அவர், 1927இல் மலாயாப் பகுதியில் தான் யுன்-ஷான் என்னும் சீன அறிஞரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு சாந்திநிகேதன் வந்த தான் யுன்-ஷான், சீன பவனம் அமைவதற்குப் பெரிதும் உழைத்தார். 1937 ஏப்ரல் 14 அன்று திறக்கப்பட்ட அப்பவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. இன்று விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக அது இயங்குகிறது.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1964இல் சீன ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. 1962 போருக்குப் பின் சீனாவை அறிந்த வல்லுநர்களின் தேவை உணரப்பட்ட காலம் அது. ‘சைனா ரிப்போர்ட்’ என்னும் ஆய்விதழும் அதே ஆண்டு தொடங்கியது. தில்லியில் 1969இல் உருவான சீன ஆய்வுக் குழுவே பின்னர் சீன ஆய்வு நிறுவனமாக வளர்ந்தது.

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணிக்கும் இவ்வரலாற்றில் ஒரு தொடர்பு உண்டு. இவ்வூரில் 1888இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1944 மே மாதத்தில் சீனாவில் விரிவுரைகள் ஆற்றினார். அவை ‘இந்தியாவும் சீனாவும்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வெளிவந்தன. குடியரசுத் துணைத் தலைவராக 1957இல் அவர் மீண்டும் சீனா சென்றார்.

தமிழக வரலாறும் சீன மூலங்களும்

திருத்தணிக்குத் தெற்கே உள்ள காஞ்சிபுரத்தைப் பற்றி 7ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி யுவான் சுவாங் எழுதியுள்ளார். நகரின் சுற்றளவை ஏறத்தாழ 30 ‘லீ’ என்கிறார். லீ என்னும் அளவை காலத்துக்குக் காலம் மாறியது. எனவே இவ்வொரு குறிப்பைப் பயன்படுத்தவும் சீன அளவைகளின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

சோழர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சொங் அரசவைக்குத் தூது அனுப்பியதைச் சீன அரசு வரலாறுகள் பதிவு செய்துள்ளன. அவற்றில் சோழநாடு ‘ஜூநியென்’ எனப்படுகிறது. முதல் தூதை அனுப்பிய மன்னன் பெயர் ‘லுவோச்சா லுவோஜா’ என உள்ளது. இது இராசராசனைக் குறிக்கும். சீன எழுத்துகளை ஒலிக்காக மட்டும் பயன்படுத்தி அயற்பெயர்களை எழுதியதால் இவ்வடிவம் ஏற்பட்டது. மேலும், அவ்வெழுத்துகளின் இன்றைய மாண்டரின் ஒலிப்பும் சொங் காலத்து ஒலிப்பும் ஒன்றல்ல. பழைய ஒலிப்பை மீட்டறிந்தால்தான் பெயரை உறுதி செய்ய முடியும்.

1077ஆம் ஆண்டுத் தூதில் வரும் ‘திஹுவாஜியாலுவோ’ என்னும் பெயர் யாரைக் குறிக்கிறது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. குலோத்துங்கன் என்பது ஒரு கருத்து. ஸ்ரீவிசயத்தைச் சேர்ந்தவர் என்பது மற்றொன்று. சோழநாடு ஸ்ரீவிசயத்துக்கு அடங்கியது என்ற பிழையான குறிப்பும் சொங் வரலாற்றில் உண்டு. முதலாம் இராசேந்திரன் 1025 அளவில் ஸ்ரீவிசயத்தைத் தாக்கியதைத் தமிழ் மெய்க்கீர்த்தி கூறுகிறது. இரு மொழிச் சான்றுகளையும் ஒப்பிடுபவரே இம்முரண்பாட்டை ஆராய முடியும்.

சீனாவின் சுவான்சௌ துறைமுக நகரில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அங்கிருந்த சிவன் கோயில் பற்றியது அது. அதன் இறுதியில் சீன எழுத்துகளும் உள்ளன. இலங்கையின் காலியில் கிடைத்த, 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த செங் ஹேயின் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் பொறிக்கப்பட்டது.

தென்னிந்தியா பற்றிய அயலவர் குறிப்புகளை க. அ. நீலகண்ட சாத்திரி தொகுத்து 1939இல் நூலாக வெளியிட்டார். அதிலுள்ள சீனக் குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய அறிஞர்களின் மொழிபெயர்ப்புகளை ஒட்டியவை. மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை, மூலம் படிக்கத் தெரியாதவரின் ஆய்விலும் தொடரும். தமிழ்க் கல்வெட்டும் செவ்வியல் சீனமும் ஒருங்கே அறிந்த ஆய்வாளர்கள் இதனால்தான் தேவைப்படுகின்றனர்.

பாடப் பகுதிகள்

மொழி: இக்காலப் பொதுச் சீனமே அடிப்படைப் பாடம். இதில் நான்கு தொனிகள் உண்டு. ‘மா’ என்னும் ஓரசையே தொனிக்கேற்பத் தாய், சணல், குதிரை, திட்டுதல் எனப் பொருள் மாறும். சீனத்தில் மூச்சொலி சேர்ந்த பகரமும் சேராத பகரமும் வெவ்வேறு சொற்களைத் தரும். தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு இல்லை. தெலுங்கு எழுத்தில் உண்டு. ஆகவே இரு மொழியும் புழங்கும் திருத்தணி போன்ற எல்லைப்பகுதி மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பிறர் இடர்ப்படும் சீன ‘ர’ ஒலி, தமிழ் ழகரத்துக்கு நெருக்கமானது.

எழுத்து: 1950களில் சீன அரசு எளிய எழுத்துருக்களை அறிமுகப்படுத்தியது. உரோமன் எழுத்தில் ஒலிப்பைக் காட்டும் ‘பின்யின்’ முறை 1958இல் ஏற்கப்பட்டது. பழைய ஆங்கில நூல்கள் வேறு எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பின்பற்றுகின்றன. இரண்டையும் அறியாதவர், பழைய நூலின் ‘சூ-லியென்’ என்பதும் இன்றைய ‘ஜூநியென்’ என்பதும் சோழநாட்டையே குறிக்கும் என்பதை உணர இயலாது.

செவ்வியல் சீனம்: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எழுத்து வழக்கில் கோலோச்சிய நடை இது. பேச்சுச் சீனம் மட்டும் அறிந்தவருக்கு இது விளங்காது. வரலாறு, பௌத்தம், தத்துவம் ஆகியவற்றில் ஆய்வு செய்வோர் இதைத் தனியே கற்க வேண்டும்.

சமூகமும் பண்பாடும்: கன்பூசியம், தாவோயியம், பௌத்தம், 1911 புரட்சி, 1919 மே நான்கு இயக்கம், 1949க்குப் பிந்தைய அரசியல், 1978 முதலான பொருளாதாரச் சீர்திருத்தம், நகரங்களுக்குக் குடிபெயர்ந்த தொழிலாளர் நிலை, குடும்பக் கட்டுப்பாட்டுக் கொள்கை போன்றவை கற்பிக்கப்படும் பொருள்களாகும்.

சேர்க்கை வழிகள்

இந்தியாவில் முதுநிலையில் சேர இரு வழிகள் உள்ளன.

முதலாவது, மொழி–இலக்கிய வழி. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம், விசுவபாரதி ஆகியவற்றின் சீன மொழி முதுகலை இவ்வகையைச் சேர்ந்தது. இவற்றில் சேர, இளங்கலையிலேயே சீனம் பயின்றிருக்க வேண்டும், அல்லது அதற்கு இணையான மொழித்திறன் வேண்டும். ஆகவே இவ்வழியை விரும்பும் மாணவர் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போதே முடிவெடுப்பது நல்லது. சீனமே அறியாதவரும் இளங்கலையில் தொடக்கத்திலிருந்து கற்க முடியும்.

இரண்டாவது, வட்டார ஆய்வு வழி. தில்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசிய ஆய்வுத் துறை இதற்கு எடுத்துக்காட்டு. வரலாறு, அரசியல், பொருளியல் போன்ற பிற பாடங்களில் பட்டம் பெற்றோருக்கு இவ்வழி ஏற்றது. எனினும், இரண்டாண்டில் கற்கும் மொழியைக் கொண்டு மூலநூல்களைப் படிப்பது கடினம். முனைவர் பட்டத்தை நாடுவோர் கூடுதல் மொழிப்பயிற்சி பெற வேண்டியிருக்கும்.

மொழித்திறனைச் சான்றளிக்க எச்.எஸ்.கே. என்னும் பன்னாட்டுத் தேர்வு நடத்தப்படுகிறது. நெடுங்காலம் ஆறு நிலைகளாக இருந்த தரநிலை, 2021இல் ஒன்பதாக விரிவாக்கப்பட்டது. சேர்க்கை விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால் அந்தந்தப் பல்கலைக்கழக அறிவிப்பைப் பார்ப்பது அவசியம்.

தமிழ்நாட்டில் நிலை

சீன மொழிக்கான பழைய துறைகள் சாந்திநிகேதனிலும் தில்லியிலுமே வளர்ந்தன. சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சீன ஆய்வு மையமும், 2008இல் தொடங்கப்பட்ட சென்னைச் சீன ஆய்வு மையமும் உள்ளன. இவற்றின் கவனம் பெரிதும் இக்கால அரசியல், பொருளாதாரம் சார்ந்தது.

சீனர் தமிழ் கற்கும் முயற்சி முன்பே தொடங்கிவிட்டது. சீன வானொலி 1963 முதல் தமிழில் ஒலிபரப்பி வருகிறது. தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட சீன அறிவிப்பாளர்களைத் தமிழ் நேயர்கள் நன்கு அறிவர். மறுபுறம், இந்திய வெளியுறவுப் பணியைச் சேர்ந்த ஸ்ரீதரன், ‘பயணி’ என்னும் புனைபெயரில், ஷி சிங் என்னும் பழஞ்சீனப் பாடல் தொகுதியிலிருந்து பாடல்களை நேரடியாகத் தமிழாக்கினார். ஆங்கிலத்தின் இடையீடின்றி இவ்விரு மொழிகளையும் இணைக்க முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

பணி வாய்ப்புகள்

மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்பு, கல்லூரி ஆசிரியப் பணி, ஊடகம், வெளியுறவுப் பணி, வணிக நிறுவனங்கள் ஆகியவற்றில் வாய்ப்புகள் உள்ளன. வணிகத் துறையின் தேவை இருநாட்டு உறவைப் பொறுத்து ஏறி இறங்கும். வரலாற்று ஆய்வின் தேவை அவ்வாறு மாறுவதில்லை. அதற்கு நீண்ட காலப் பயிற்சி தேவை. அதைத் தொடங்கும் வயதும் பட்டப்படிப்பின் முதல் ஆண்டுகளே.