ஏறுமுன் கேளுங்கள்

2021 நவம்பர் 23இல் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் இறந்தார்கள். பால வேலை முடியாததால் தாய்மார் நம்பி ஏற்றிவிட்ட பாதை அது.

நம் உறவுகள் பலர் வாழும் கனடாவிலோ, பொழுதுபோக்குக்காக மோட்டார் படகு ஓட்டுபவரே தகுதிச் சான்று வைத்திருக்க வேண்டும். பெரும்பாலானோர் பரீட்சை எழுதி அட்டை பெறுகிறார்கள். 1999இல் படிப்படியாகத் தொடங்கிய விதி, 2009 செப்டெம்பரிலிருந்து எல்லோருக்கும் பொருந்துகிறது. படகில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியும் இருக்க வேண்டும்.

நான் சந்திக்கும் சகோதரிகள் ஓட்டியிடம் கேள்வி கேட்கத்தான் தயங்குகிறார்கள். எத்தனை பேருக்கு அனுமதி, ஏறியிருப்பது எத்தனை பேர் என்று கேளுங்கள். தனியே கேட்கக் கூச்சமென்றால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். பிள்ளையின் அளவுக்கு அங்கி உண்டா என்றும் பாருங்கள். பெரியவர்களின் அங்கி தண்ணீரில் சிறுபிள்ளையின் தலைவழியே கழன்றுவிடும்.