சொக்லேட் ஸ்டவுட்டும் நள்ளிரவில் வெடித்த போத்தல்களும்

லண்டனுக்கு வந்த புதிதில் வேலைத்தளத்து நண்பர் ஒருவர் எனக்கு வாங்கித் தந்த கறுப்புப் பியர், யங்ஸ் டபுள் சொக்லேட் ஸ்டவுட். எங்கள் ஆட்கள் செறிந்து வாழும் ரூட்டிங்கிலிருந்து அதிக தூரமில்லாத வொண்ட்ஸ்வேர்த்தில்தான் யங்ஸ் ஆலை இருந்தது. 2006 இல் அது மூடப்பட, உற்பத்தி பெட்ஃபோர்டுக்குப் போனது.

அந்தச் சுவையை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். பிரித்தானியாவில் சொந்தப் பாவனைக்குப் பியர் தயாரிக்க 1963 இலிருந்து அனுமதிப்பத்திரம் தேவையில்லை. இலங்கையில் நிலைமை வேறு. அங்கு அனுமதியின்றி மது தயாரிப்பது மதுவரிச் சட்டப்படி குற்றம். ஆகவே ஊரிலுள்ளவர்கள் இதனை ஒரு விளக்கமாக மட்டும் வாசியுங்கள்.

பெயரில் சொக்லேட் இருந்தாலும் சுவையின் பெரும்பங்கு வறுத்த தானியத்திலிருந்தே வருகிறது. பார்லியை ஊறவைத்து, முளைக்கவிட்டு, உலர்த்தினால் அது மோல்ட். அதை 200 பாகை செல்சியஸ் அளவில் வறுத்தால் கோப்பிக்கொட்டை போலக் கறுக்கும். அதன் பெயர் சொக்லேட் மோல்ட். அதில் கொக்கோ துளியும் இல்லை. யங்ஸ் ஸ்டவுட்டில் இதனுடன் உண்மையான கறுப்புச் சொக்லேட்டும் சேர்வதால்தான் அது 'டபுள்'.

கள்ளுக்கு இவ்வளவு பாடு இல்லை. பாளையில் ஊறும் சாற்றிலேயே சீனி இருக்கிறது. முட்டியிலுள்ள மதுவம் அதைத் தானே நொதிக்க வைக்கும். சுண்ணாம்பு பூசினால் நொதிக்காமல் கருப்பநீராக நிற்கும். பார்லியில் இருப்பதோ மாச்சத்து. முதலில் அதைச் சீனியாக்க வேண்டும்.

10 லீற்றருக்கு 2.2 கிலோ சாதாரண மோல்ட், சொக்லேட் மோல்ட்டும் கிறிஸ்டல் மோல்ட்டும் 150 கிராம் வீதம் எடுத்தேன். இவற்றை நொறுக்கி, 67 பாகை சுடுநீரில் ஒரு மணிநேரம் வைத்தால் மா சீனியாக மாறும். வடித்தெடுத்த சாற்றை, கசப்புக்காக 20 கிராம் ஹொப்ஸ் பூ போட்டு ஒரு மணிநேரம் கொதிக்கவிட்டேன். இறக்க 5 நிமிடம் இருக்கையில் 50 கிராம் கொக்கோத் தூள். சொக்லேட் கட்டியிலுள்ள கொழுப்பு நுரையைக் கெடுக்கும் என்பதால் தூளைத் தெரிந்தெடுத்தேன். 20 பாகைக்கு ஆறியதும், தொற்று நீக்கிய வாளியில் ஊற்றி மதுவம் தூவினேன்.

ஆறாம் நாள் நுரை அடங்கிவிட்டது. முடிந்துவிட்டதென்று நினைத்து, சீனி கலந்து கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து, அறை அலுமாரியில் வைத்தேன்.

மூன்றாவது கிழமை, நள்ளிரவில் மூன்று போத்தல்கள் அடுத்தடுத்து வெடித்தன. நான் ஓடிப்போய் லைற்றைப் போட்டபோது அம்மா என் மகளை அணைத்தபடி கட்டிலுக்குக் கீழே குப்புறப் படுத்திருந்தார். "எழும்பாதை, இன்னும் விழும்" என்றார். முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தவர் அவர். அன்றிரவு அவர் பிறகு தூங்கவில்லை. நானும்தான்.

பிழை என்னுடையது. நுரை அடங்குவது நொதித்தல் முடிந்ததற்கு அடையாளமல்ல. மிச்சமிருந்த சீனியையும் நான் போட்ட சீனியையும் மதுவம் தின்ன, வெளியேற வழியில்லாத காபனீரொட்சைட்டு கண்ணாடியை உடைத்துவிட்டது. அதனை அறிய நீரமானி என்றொரு கருவி உண்டு. தொடக்கத்தில் 1.050 அளவில் நிற்கும் சாறு, முடிவில் 1.013 அளவுக்கு இறங்கும். மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அடைக்கலாம். அடைக்கும்போது 10 லீற்றருக்கு 60 கிராம் சீனி போதும்.

இரண்டாம் முறை இரண்டு கிழமைக்கு மேல் காத்திருந்தேன். பிளாஸ்டிக் போத்தல்களில் அடைத்து, வீட்டுக்கு வெளியே கொட்டிலில் வைத்தேன். கையால் அமத்திப் பார்த்தாலே அமுக்கம் தெரிந்துவிடும். ஸ்டவுட் நன்றாகவே வந்தது. யங்ஸை விடச் சற்றுக் கசப்பு.

இப்போது போத்தல் அடைக்கும் நாளை அம்மாவிடம் முதலே சொல்லிவிடுவேன். "அளந்து பாத்தனியோ?" என்று கேட்பார். எண் இரண்டையும் சொல்வேன். அதன் பிறகுதான் மூடியைத் திருகுவேன்.