சேசிஸ் நம்பரில் ஜாவா பழகலாம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு வண்டியிலும் சேசிஸ் நம்பர் பொறித்திருக்கும். ஆர்.சி. புத்தகத்திலும் அதுவே இருக்கும். நம்பர் என்று சொன்னாலும் ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்து அதில் மொத்தம் 17 உண்டு. இப்படி வரிசையாகக் கோத்த எழுத்துகளை ஜாவா நிரல்மொழியில் ஸ்ட்ரிங் என்பார்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு சேசிஸ் நம்பர் அருமையான பாடம்; அதில் ஒவ்வோர் இடத்துக்கும் பொருள் இருக்கிறது.

முதல் பயிற்சி, நீளம் பார்ப்பது. லென்த்() என்று கேட்டால் 17 வர வேண்டும். 16 வந்தால் ஏதோ ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. 18 வந்தால் ஓரத்தில் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ட்ரிம்() அதை நீக்கித் தரும்.

அடுத்தது, வெட்டி எடுப்பது. முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் காட்டும். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் கார் என்றால் எம்ஏஎல், ராயல் என்ஃபீல்டு என்றால் எம்ஈ3. சப்ஸ்ட்ரிங்(0, 3) என்று எழுதினால் அவை கையில் வரும். ஜாவா 0-விலிருந்து எண்ணும். முடிவாகக் கொடுக்கும் 3-ஆம் இடத்தைச் சேர்த்துக்கொள்ளாது. சப்ஸ்ட்ரிங்(3, 9) வண்டியின் வகையைச் சொல்லும் ஆறு எழுத்துகளைத் தரும். சப்ஸ்ட்ரிங்(9) தருவது, அந்த ஒரு வண்டியை மட்டும் குறிக்கும் கடைசி எட்டு.

மூன்றாவது, சரிபார்ப்பது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் சேசிஸ் நம்பரில் வரக்கூடாது. ஃபார் லூப் போட்டு, சார்அட்() மூலம் 0 முதல் 16 வரை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 17-ஐக் கேட்டால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும்.

ஸ்ட்ரிங்கை ஒருமுறை உருவாக்கினால் மாற்ற முடியாது. பெரிய எழுத்தாக்கும் டுஅப்பர்கேஸ்(), ட்ரிம்() எல்லாமே புதிய ஸ்ட்ரிங்கைத்தான் தரும். அதை வாங்கி வைக்காவிட்டால் பழையதே நிற்கும். இரண்டு நம்பர்கள் ஒன்றா என்று பார்க்க ஈக்வல்ஸ்() வேண்டும். இரட்டைச் சமக்குறி, இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருளா என்று மட்டுமே பார்க்கும்.

கடைசியாக, 'ஒரகடம்' என்ற சொல்லைக் கொடுத்து நீளம் கேளுங்கள். நாம் எண்ணினால் ஐந்தெழுத்து; ஜாவா 6 என்று சொல்லும். யூனிகோடில் 'ம்' என்பது மகரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள். தமிழ்ப் பெயர்களைத் தேடவும் வெட்டவும் நிரல் எழுதப்போகிறவர்கள் இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டால், பாதிப் பெயரில் புள்ளியைத் தொலைக்காமல் எழுதுவார்கள்.